நோம் நகரத்துக் கண்ணாடி ஸ்லைடுகள்: தேடி எடுப்பதிலிருந்து வெளியிடுவது வரை

அலாஸ்காவின் வடமேற்கில், பேரிங் கடலின் நார்ட்டன் வளைகுடாவை ஒட்டியுள்ள நோம் என்ற ஊரின் பழைய ஸ்லைடுகளைக் கட்டுரைக்கோ புத்தகத்துக்கோ கண்காட்சிக்கோ பயன்படுத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு படக்கட்டுரைக்காக அவற்றைச் சேகரித்தபோது, எதை முதலில் செய்வது, யாருக்கு எழுதுவது, எதற்குப் பணம் கட்டுவது என்பதை வரிசையாகச் சொல்லும் ஒரு பக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு காப்பகத்திடமும் தனித்தனியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நோமின் வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. படத்தைச் சரிபார்க்கத் தேவையான அளவுக்கு மட்டும் மூன்றாம் படியில் சில ஆண்டுகள் வரும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாய விளக்கில் இட்டுத் திரையில் காட்டப்பட்ட கண்ணாடி ஸ்லைடு பெரும்பாலும் ஒரு நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்ட நகல். அதே நெகட்டிவிலிருந்து அஞ்சலட்டையும் காகித அச்சும் வேறு ஸ்லைடுகளும் போட்டு விற்றிருப்பார்கள். ஓரிடத்தில் பணம் கேட்கும் படம் இன்னோர் இடத்தில் இலவசமாகக் கிடைப்பது இதனால்தான். கீழே உள்ள படிகளின் வரிசையும் இதை ஒட்டியே அமைந்தது: தேடல் முதலில், பணம் கடைசியில்.

1. கையில் உள்ளது என்ன வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பத்தில் வகையைத் தவறாகக் குறிப்பிட்டால் காப்பகத்தார் வேறொரு பெட்டியில் தேடிவிட்டு "இல்லை" என்று பதில் எழுதிவிடுவார்கள். அமெரிக்கக் கண்ணாடி ஸ்லைடின் வழக்கமான அளவு மூன்றேகால் அங்குலத்துக்கு நான்கு அங்குலம். பிரிட்டிஷ் ஸ்லைடு மூன்றேகால் அங்குலச் சதுரம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படமும் ஜன்னல் வெட்டிய கறுப்புக் காகிதமும் இருக்கும். நான்கு ஓரங்களையும் கறுப்புக் காகித நாடா சுற்றியிருக்கும். வண்ணம் தெரிந்தால் அது பெரும்பாலும் கையால் தீட்டியது. உருப்பெருக்கியில் பார்த்தால் தோலாடையின் விளிம்பைத் தாண்டித் தூரிகையின் நிறம் பனிமேல் வழிந்திருப்பதுகூடத் தெரியும்.

அட்டைச் சட்டத்தில் உள்ள சிறிய வண்ண ஸ்லைடு என்றால் அது 35 மில்லிமீட்டர் பிலிம். கோடாக்ரோம் பிலிம் அந்த அளவில் 1936-இல்தான் விற்பனைக்கு வந்தது. எனவே "தங்க வேட்டைக் கால வண்ண ஸ்லைடு" என்று இதை யாராவது விற்றால், அது பழைய படத்தைப் பின்னாளில் நகலெடுத்ததாகவே இருக்க முடியும்.

2. இலவசமாகக் கிடைக்கும் இடங்களை முழுவதும் அலசுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது வில்டா என்று அழைக்கப்படும் அலாஸ்கா டிஜிட்டல் காப்பகம். ஜூனோவில் உள்ள அலாஸ்கா மாநில நூலகம், ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் ராஸ்முசன் நூலகம் முதலிய பல நிறுவனங்களின் படங்களை அங்கே ஒரே தேடலில் பார்க்கலாம். அடுத்தது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம். அங்குள்ள ஃபிராங்க், ஃபிரான்சஸ் கார்ப்பென்டர் தொகுப்பில் அலாஸ்காப் படங்கள் நிறைய உண்டு. பல படங்களை அச்சுக்கு ஏற்ற டிஃப் கோப்பாகவே கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகள். ஒளிப்படக்காரர்களான எரிக் ஹெக், ஃபிராங்க் நோவெல் ஆகியோரின் நோம் படங்களுக்கு அதுவே முக்கியமான இடம். நோம் ஊரிலேயே கேரி மெக்லெய்ன் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்க் குடும்பங்களிடமிருந்து வந்த படங்களுக்கு அங்கே எழுதிக் கேட்பதுதான் வழி.

தேடுசொல்லில் கொஞ்சம் கவனம் வேண்டும். நோம் என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். கேப் நோம், ஆன்வில் கிரீக், சாலமன், டெல்லர், கிங் தீவு என்று அந்த வட்டார இடப் பெயர்களையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள். அங்குள்ள பூர்வகுடியினரை இன்று இனுபியாட் என்றே குறிப்பிட வேண்டும்; ஆனால் பழைய தலைப்புகளிலெல்லாம் எஸ்கிமோ என்றே இருப்பதால், தேடும்போது அந்தப் பழைய சொல்லையும் இட்டாக வேண்டும். உங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நிறுவனத்தின் பெயர், தொகுப்பின் பெயர், பதிவெண், மூலத் தலைப்பு, பொருளின் வகை, உரிமை வாசகம், பார்த்த தேதி ஆகியவற்றை அட்டவணையில் குறித்துக்கொண்டே போங்கள். பதிவெண் இல்லாத படம் கிடைக்காத படத்துக்குச் சமம். இணையத்தில் சுற்றும் படத்தைக் காட்டி "இது உங்களிடம் இருக்கிறதா" என்று காப்பகத்தைக் கேட்டால் பதில் வருவது அபூர்வம்.

3. படத்தையும் ஆண்டையும் நீங்களே சரிபாருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு அச்சான பக்கத்தைப் பார்த்து வாசகர்கள் திருத்தம் எழுதுகிறார்கள். ஸ்லைடுகளில் மிகுதியாக நடக்கும் பிழை இடவலம் மாறிப்போவது. கண்ணாடியை எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம் என்பதால், ஸ்கேன் எடுப்பவர் திருப்பி வைத்துவிட்டால் படம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். திரையில் தெரிய வேண்டிய நிலையில் ஸ்லைடைக் கையில் பிடித்தால், கட்டைவிரல் படும் கீழ் இடது மூலையில் ஒரு சிறு வட்ட ஒட்டுக் காகிதம் இருக்க வேண்டும். விளக்கை இயக்குபவருக்கான குறி அது. காப்பகங்கள் பல சமயம் படப்பகுதியை மட்டும் வெட்டி வெளியிடுவதால் இந்தக் குறி தெரியாது; ஓரங்களுடன் முழு ஸ்லைடின் படமும் வேண்டும் என்று கேளுங்கள்.

குறி இல்லாவிட்டால் ஊரின் அமைப்பே உதவும். நோமுக்குக் கடல் தெற்கில் இருக்கிறது. ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் கரையை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆன்வில் மலை வடக்கில். கிழக்கு நோக்கி எடுத்த தெருப்படம் என்றால் கடற்பக்கக் கட்டடங்கள் வலக்கையில் இருந்தாக வேண்டும். கடைப் பலகை தெரிந்தால் வேலை இன்னும் எளிது, எழுத்து இடவலம் மாறியிருப்பது உடனே கண்ணில் படும்.

ஆண்டைக் கணிக்க நான் பயன்படுத்தும் அடையாளங்கள் சில. ஆன்வில் கிரீக்கில் தங்கம் கிடைத்தது 1898 செப்டம்பரில். கடற்கரை மணலிலேயே தங்கம் இருப்பது தெரிந்தது 1899-இல். கரை நெடுகக் கூடாரங்கள் நெருக்கியடித்துத் தெரிந்தால் 1899, 1900 ஆகிய இரண்டு கோடைகளை முதலில் எண்ணிப் பாருங்கள். 1900 செப்டம்பர் புயல் அவற்றில் பலவற்றை வாரிச் சென்றது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நோமின் மக்கள்தொகை 12,488. புனித யோசேப்பு கத்தோலிக்க ஆலயம் 1901-இல் கட்டப்பட்டது. ஊரின் முழுத் தோற்றத்தைக் காட்டும் படத்தில் அதன் உயர்ந்த கோபுரம் இல்லையென்றால் படம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். 1934 செப்டம்பர் 17-இல் ஊரின் நடுப்பகுதியைத் தீ அழித்துவிட்டது. எனவே பழைய ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் முகப்புகள் தெரிந்தால், ஸ்லைடு எப்போது தயாரானதாக இருந்தாலும் படம் பிடித்தது அந்தத் தேதிக்கு முன்புதான்.

பருவத்தையும் பாருங்கள். அங்கே கடல் குளிர்காலம் முழுவதும் உறைந்திருக்கும். கப்பல்கள் ஏறக்குறைய ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் வரும். அந்தக் காலத்தில் துறைமுகம் இல்லாததால் கப்பல் ஆழத்தில் நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் படகில் கரைக்கு வருவார்கள். "கப்பல் வருகை, ஜனவரி" என்று தலைப்பு இருந்தால் அந்தத் தலைப்பை நம்ப வேண்டாம். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி தெரிந்தாலே 1925-இல் நாய்வண்டிகளில் நோமுக்கு டிப்தீரியா மருந்து கொண்டுவந்த ஓட்டம் என்று எழுதிவிடும் விற்பனையாளர்கள் உண்டு. நோமிலிருந்து கேண்டில் என்ற ஊருக்குச் சென்று திரும்பும் 408 மைல் நாய்வண்டிப் பந்தயம் 1908-லிருந்து 1917 வரை நடந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கோடையில் ஊருக்குக் கிழக்கே தோல்படகைக் கவிழ்த்து அதன் நிழலில் தங்கியிருக்கும் குடும்பங்கள் தெரிந்தால், அவர்கள் கிங் தீவிலிருந்து வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். கலைமான் மந்தைக்கு அருகே நான்கு முனைத் தொப்பி அணிந்தவர்கள் நின்றால் அவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து மேய்ப்பு கற்பிக்க வரவழைக்கப்பட்ட சாமி மக்கள், இனுபியாட் அல்லர்.

இன்னொரு பொறி, படத்தின் மூலையில் வெள்ளை எழுத்தில் இருக்கும் கையொப்பம். நோமில் இருந்த லோமன் சகோதரர்களின் ஸ்டூடியோ தனக்கு முந்தைய ஒளிப்படக்காரர்களின் நெகட்டிவ்களையும் வாங்கித் தன் பெயரில் அச்சிட்டது. கையொப்பத்தில் உள்ளவரே படம் பிடித்தவர் என்று முடிவு செய்தால் அடுத்த படியில் உரிமைக் கணக்கு பிழையாகிவிடும்.

4. உரிமை நிலையைக் கணக்கிடுங்கள்

அமெரிக்கச் சட்டப்படி முதற்கேள்வி, படம் அந்தக் காலத்திலேயே வெளியிடப்பட்டதா இல்லையா என்பதுதான். பொதுமக்களுக்கு நகல் விற்றிருந்தால் அது வெளியீடு. வெளியாகி 95 ஆண்டுகள் முடியும் ஆண்டின் இறுதியோடு உரிமை தீர்ந்துவிடும். 1925-இல் விற்கப்பட்ட படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. ஸ்லைடுகளில் இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. சொற்பொழிவாளர் தன் ஸ்லைடைத் திரையில் மட்டும் காட்டியிருந்தால் அது வெளியீடு ஆகாது. எத்தனை ஊரில் காட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிவராத படம்தான்.

வெளிவராத படத்துக்குப் படம் பிடித்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பிடித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் படம் உருவாகி 120 ஆண்டுகள். நோமில் வேலை செய்த ஒளிப்படக்காரர்களில் டாப்ஸ் இறந்தது 1937-இல், ஹெக் 1947-இல், நோவெல் 1950-இல். ஆகவே இந்த மூவரின் படங்களில் பொதுவாகச் சிக்கல் இல்லை. கிங் தீவில் 1937-38-இல் தங்கிப் படமெடுத்து, பிறகு நாடெங்கும் சொற்பொழிவாற்றிய பாதிரியார் பெர்னார்ட் ஹப்பர்டின் நிலை வேறு. அவர் 1962-இல் இறந்ததால், அவருடைய வெளிவராத ஸ்லைடுகளுக்கு 2032 முடியும் வரை அனுமதி தேவைப்படும்.

அதிகம் பேர் அறியாத ஒரு விதிவிலக்கும் உண்டு. பழைய வெளிவராத படம் ஒன்று 1978-க்கும் 2002-க்கும் இடையில் முதன்முறையாகப் புத்தகத்தில் அச்சாகியிருந்தால், 2047 முடிவு வரை அதன் உரிமை தீராது. அந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்து படத்தை நகலெடுக்க நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை தீர்ந்த தட்டையான படம் ஒன்றை அப்படியே நகலெடுத்த ஒளிப்படத்துக்குப் புதிய பதிப்புரிமை கிடையாது என்று நியூயார்க்கில் உள்ள கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் காப்பகம் தரும் கோப்பைப் பெறும்போது அதன் நிபந்தனைத் தாளில் நீங்கள் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தம். அதில் உள்ளபடி நடக்கத்தான் வேண்டும். ஆகவே தாளை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

5. ஊராரின் ஒப்புதலைத் தனியாகக் கேளுங்கள்

சட்டத்தில் உரிமை தீர்ந்துவிட்டதாலேயே எல்லாப் படத்தையும் போட்டுவிடலாம் என்று ஆகாது. அடக்க இடங்கள், சடங்குகள், 1918 இன்ஃப்ளூயன்சாவில் இறந்தவர்கள் அல்லது அநாதையான பிள்ளைகள் இருக்கும் படங்களில் இன்று உயிரோடிருப்பவர்களின் தாத்தா பாட்டி இருக்கக்கூடும். நோமில் அலுவலகம் வைத்திருக்கும், அந்த வட்டாரப் பூர்வகுடியினருக்கான கவேரக் அமைப்புக்கோ, கிங் தீவு பூர்வகுடி சமூகத்தின் நிர்வாகத்துக்கோ ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். படத்தின் சிறு நகல், எங்கே வெளியாகிறது, எந்த மொழியில், படத்தின் கீழ் என்ன எழுதப்போகிறீர்கள் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பெயர் தெரியாதிருந்த முகத்துக்குப் பெயர் கிடைப்பதும் இந்தக் கடிதங்களால்தான். கோடையில் பலர் மீன்பிடிக்கும் முகாம்களுக்குப் போய்விடுவார்கள், பதில் தாமதமானால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

6. விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை

பெரும்பாலான காப்பகங்களில் இரண்டு தாள்கள் உண்டு: நகல் கோரும் படிவம் ஒன்று, வெளியீட்டு அனுமதிப் படிவம் ஒன்று. ஒன்றை மட்டும் அனுப்பினால் கோப்பு வந்துவிடும், அனுமதி வராது; பதிப்பகம் கடைசி நேரத்தில் அனுமதிக் கடிதம் கேட்டு நிற்கும். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். படங்களின் பதிவெண், வெளியீட்டின் பெயர், அச்சா இணையமா, எத்தனை பிரதிகள், எந்த நாடுகளில் விற்பனை, விலை உள்ளதா, படத்தின் அளவு, அட்டையா உள்பக்கமா என்பவற்றைக் குறிப்பிடுங்கள். தமிழில் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகும் இதழ் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கட்டணச் சலுகை கேளுங்கள். கேட்காதவர்களுக்குச் சலுகை கிடைப்பதில்லை. பதிப்பகத்தின் தாளில் ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இணைப்பது நல்லது.

ஸ்கேன் அளவை எண்ணாகக் கேளுங்கள். "உயர்ந்த தரம்" என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள். ஸ்லைடின் படப்பகுதி சுமார் மூன்று அங்குல அகலம். அதை 1600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1600 புள்ளி) ஸ்கேன் எடுத்தால் 4800 பிக்சல் வரும். 300 டிபிஐயில் அச்சிடும்போது 16 அங்குல அகலம் வரை தாங்கும். இதழின் முழுப்பக்கத்துக்கு இது தாராளம், இதற்கு மேல் கேட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

7. செலவும் பணம் அனுப்புதலும்

மூன்று செலவுகளைத் தனித்தனியே விசாரியுங்கள்: ஸ்கேன் கட்டணம், வெளியீட்டுக் கட்டணம், ஆய்வுக் கட்டணம். ஏற்கெனவே ஸ்கேன் எடுத்த படத்துக்குச் சில இடங்களில் முதலாவது கிடையாது. பதிவெண் தராமல் "நோம் மீனவர் படம் ஏதாவது" என்று கேட்டால் ஊழியர் தேடும் நேரத்துக்கு மூன்றாவது வந்து சேரும். எழுத்தில் விலைமதிப்பு வராமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவிலிருந்து கட்டுபவர்களுக்குத் தனியாகச் சில. கார்டில் பன்னாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டும் பக்கம் காரணம் சொல்லாமல் நிராகரிக்கும். கார்டை ஏற்காத சிறு அருங்காட்சியகத்துக்கு வங்கி வழியாக அனுப்ப, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் காப்பகத்தின் விலைப்பட்டியலும் தேவை. அப்போது இடைவங்கிக் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் வழியில் சில டாலர் கழிந்து, காப்பகத்தில் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிக்காகக் கோப்பு நிறுத்தி வைக்கப்படும். சிறு தொகைக்கு வங்கிக் கட்டணம் ஸ்கேன் விலையைத் தாண்டுவதும் நடக்கிறது. ஆதலால் ஒரே காப்பகத்தின் படங்களை ஒரே விலைப்பட்டியலில் கேட்பது மிச்சம்.

8. காலக்கணக்கு

தேடலும் சரிபார்ப்பும் உங்கள் கையில் இருப்பவை. விண்ணப்பம் போன பிறகு எதுவும் உங்கள் கையில் இல்லை. ஒரு நிறுவனத்தில் என் படிவம் விடுமுறையில் இருந்த ஊழியரின் பெட்டியிலேயே கிடந்தது, நினைவூட்டல் அனுப்பும் வரை யாரும் திறக்கவில்லை. அச்சுக்குப் போகும் தேதிக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது என் கணிப்பு. ஊரார் ஒப்புதலும் வேண்டுமென்றால் ஆறு மாதம். நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாளிலிருந்து புத்தாண்டு வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் அலாஸ்கா நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் 13½ மணியும் குளிர்காலத்தில் 14½ மணியும் பின்தங்கியது. அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை.

9. ஸ்லைடையே விலைக்கு வாங்குவதானால்

எனக்கு இதில் பெரிய நாட்டமில்லை. பொருளை வாங்கினால் படத்தின் பதிப்புரிமை கூடவே வருவதில்லை, கண்ணாடி வழியில் உடைவது மட்டும் கூடவே வரும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் ஸ்லைடின் இரு பக்கங்களையும் ஓர ஒட்டுத்தாள்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே படம் வில்டாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வந்த பிறகு பஞ்சுக் கையுறை வேண்டாம், கண்ணாடி வழுக்கும். நைட்ரைல் கையுறை அணிந்து ஓரத்தை மட்டும் பிடியுங்கள். காற்றூதியால் தூசியை நீக்கலாம்; உள்பக்கத்தில் தண்ணீர் பட்டால் கையால் தீட்டிய நிறம் கரைந்துவிடும். ஓர நாடாவைப் பிரிக்காமலேயே ஸ்கேன் எடுங்கள். அதற்கு மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் தேவை. பழைய விளக்கில் வைத்துத் திரையிட்டுப் பார்க்கும் ஆசை எழும், ஆனால் அந்தச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். ஒவ்வொன்றையும் அமிலமற்ற காகித உறையில் இட்டு, நீண்ட ஓரத்தில் நிற்க வைத்துப் பெட்டியில் அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் உள்ளவை பாரத்தில் நொறுங்கும்.

10. கோப்பு வந்ததும்

பதிவெண்ணும் பிக்சல் அளவும் நீங்கள் கேட்டவைதாமா என்று வந்த அன்றே பாருங்கள். நாள் கடந்தால் மீண்டும் கட்டணம் கேட்கக்கூடும். இடவலத்தை மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள். நன்றி வரியைக் காப்பகம் தந்த வடிவத்திலேயே, பதிவெண்ணோடு அச்சிடுங்கள்; அதைத் தமிழ் எழுத்தில் அச்சிடலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் ஆங்கில வடிவமும் சேர்ந்தே வர வேண்டும் என்பார்கள். இதழ் வெளியானதும் ஒரு பிரதி அனுப்புவது பல ஒப்பந்தங்களில் நிபந்தனை, அதன் அஞ்சல் செலவைத் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். ஆண்டிலோ இடத்திலோ பிழையைக் கண்டுபிடித்திருந்தால் ஆதாரத்தோடு அதையும் காப்பகத்துக்கு எழுதுங்கள், அடுத்து அதே படத்தைக் கேட்பவருக்குத் திருத்திய தலைப்பு போய்ச் சேரும்.